அம்மம்மா என்னும் சாராமாறி: வன்னிப் பெருநிலப்பரப்பில் மலிவு விலை ரப் தெரிவு குறித்த ஓர் ஆய்வு

மலிவு விலை அன்ட்ரொயிட் ரப் ஒன்றை எப்படித் தெரிவது என்ற கேள்விக்கு உலகம் முழுவதும் விடை எழுதிக் குவித்துவிட்டார்கள். அந்த விடைகள் எல்லாவற்றிலும் ஒரே குறைபாடு. ரப்பை ஓர் ஆள் வாங்கி, அதே ஆள் பாவித்து, அதே ஆள் உடைப்பார் என்று அவை எடுத்துக்கொள்கின்றன. ஆனையிறவுக்குத் தெற்கே அப்படியொரு ரப் இருந்ததற்குச் சான்று இல்லை. இங்கே கடைக்குப் போகிறவர் ஒருவர். காசு அனுப்புகிறவர் இன்னொருவர். யாருடைய படிப்பின் பேரால் அது வாங்கப்படுகிறதோ அவர் மூன்றாமவர். உண்மையில் அதைப் பாவிக்கிறவர் நாலாமவர்.

அந்த நாலாமவரைக் கண்டுபிடிக்காமல் றாம், கமரா, பற்றரி என்று பேசுவது வீண் என்பதே இக்கட்டுரையின் கருதுகோள். கண்டுபிடித்தாயிற்று. அவர் அம்மம்மா. (அப்பம்மா இருக்கும் வீடுகளுக்கும் முடிவுகள் அப்படியே பொருந்தும். சண்டைக்கு வரவேண்டாம்.)

வரலாற்றுப் பின்னணி

ஐபாட் 2010 ஜனவரி 27ஆம் திகதி உலகுக்குக் காட்டப்பட்டது. அன்ட்ரொயிட்டில் ஓடும் முதலாவது சாம்சுங் கலக்சி ரப் அதே ஆண்டு செப்ரெம்பரில் வந்தது. அந்த ஆண்டில் வன்னிச் சனம் நீளம், அகலம், தண்ணீர் உள்ளே வருமா வராதா என்றெல்லாம் பார்த்து, வரிசையில் நின்று வாங்கிய ஒரே தட்டையான பொருள் தறப்பாள். போர் முடிந்தபின் அந்தச் சனத்தை வைத்திருந்த செட்டிகுளம் மெனிக் பாம் முகாம் மூடப்பட்டதே 2012 செப்ரெம்பரில்தான். ரப்பின் முதலிரு தலைமுறைகளை வன்னி தவறவிட்டுவிட்டது என்று சில அறிஞர் எழுதக்கூடும். தவறவிடவில்லை. அந்த நேரம் வேறு வேலை இருந்தது.

அதற்காக, ஒரு கருவியை நடுவில் வைத்து ஒரு குடும்பமே சுற்றியிருக்கும் கலை இங்கே புதிதல்ல. 1990இல் பொருளாதாரத் தடை வந்து, பற்றரி தடைசெய்யப்பட்ட பொருளாகி, மின்சாரமும் இல்லாமற் போனபோது, சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையாற் சுற்றி, டைனமோவிலிருந்து வயர் இழுத்து றேடியோவுக்குக் கொடுத்தார்கள். ஒருவர் சுற்ற, மற்றவர்கள் பிபிசி தமிழோசை கேட்டார்கள். சுற்றுகிறவர் களைத்தால் செய்தியும் களைக்கும். பிறகு டெக்கும் ஜெனரேற்றரும் வாடகைக்கு வந்தன. ஒரு முற்றத்தில் ஒரு ரீவி, ஓர் ஊர்ச் சனம், விடிய விடிய மூன்று படம். இவற்றிலிருந்து பெறப்படும் விதி: வன்னியில் ஒரு மின்கருவியின் பாவனையாளர் தொகை ஒருபோதும் ஒன்றாக இருந்ததில்லை. இதைத் தனிக்கருவிப் பலர்விதி என்று அழைக்கலாம். வேறு நல்ல பெயர் கிடைத்தால் மாற்றிக்கொள்ளலாம்.

ஓர் இடைக்கணக்கு. அந்தக் காலத்துச் சைக்கிள் டைனமோ ஏறத்தாழ 3 வாட் தரும். இன்றைய 11 அங்குல மலிவு ரப் ஒன்றின் 8000 மில்லியம்பியர் மணிப் பற்றரி ஏறத்தாழ 31 வாட் மணி கொள்ளும். எனவே 1995இல் யாராவது ஒரு ரப்பை வன்னிக்குள் கொண்டுவந்திருந்தால், அதை ஒருதரம் முழுதாகச் சார்ஜ் ஏற்றப் பத்து மணித்தியாலத்துக்கு மேல் பெடல் சுற்றியிருக்க வேண்டும். றேடியோவைத் தெரிந்த எங்கள் சனத்தின் தொழில்நுட்பத் தீர்ப்பு சரியானதே.

அரசாங்கங்களும் இத்துறையில் உழைத்திருக்கின்றன. இந்தியாவில் 2011 ஒக்டோபர் 5ஆம் திகதி அமைச்சர் கபில் சிபல் ஆகாஷ் என்ற ரப்பை வெளியிட்டார். 7 அங்குலத் திரை, 256 எம்பி றாம், விரலை மெதுவாக வைத்தால் உணராமல் நகத்தால் அழுத்தினால் மட்டும் விழித்துக்கொள்ளும் வகைத் திரை. உலகின் மிக மலிவான ரப் என்று கொண்டாடப்பட்டது. மலிவு என்பதில் மட்டும் யாருக்கும் கருத்து வேறுபாடு இருக்கவில்லை. இலங்கையில் 2017ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் உயர்தர மாணவருக்கும் ஆசிரியருக்கும் இலவச ரப் என்று அறிவிக்கப்பட்டது. அறிவித்தபடி எல்லார் கைக்கும் அது வந்து சேரவில்லை. ஈற்றில் அரச ரப் ஒன்று வீட்டுப் படலை வரை வந்தது 2024 குடிசனத் தொகைமதிப்பின்போதுதான். அதுவும் கணக்கெடுக்க வந்தவரின் கையில் வந்து, கேள்விகளைக் கேட்டுவிட்டு, அவரோடேயே திரும்பிப் போய்விட்டது. ஆனால் அம்மம்மாக்கள் முதன்முதலில் ரப்பைக் கிட்ட நின்று பார்த்த சந்தர்ப்பங்களுள் அதுவும் ஒன்று என்பதை ஆய்வாளர் புறக்கணிக்கக்கூடாது.

பாவனையாளர் யார்?

2020 மார்ச்சில் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டபோதுதான் ரப் என்ற பேச்சு கிராமத்துக்குள் வந்தது. அதற்கு முதல் பிள்ளையின் கையில் போனைக் கண்டால் பறித்த தகப்பன்மார், போனைப் பிள்ளையின் கையில் திணித்துவிட்டுக் கண்கலங்க வெளியே போனார்கள். ஆசிரியர்கள் குறிப்புகளைப் படமெடுத்து வட்ஸ்அப்பில் போட்டார்கள். சூம் வகுப்பில் "சேர், கேக்கேல்லை" என்ற குரலே பெரும்பாலும் கேட்டது. பிள்ளையின் கண் கெடுகிறது, பெரிய திரை வேண்டும் என்ற வாதம் அங்கே பிறந்தது. வகுப்புகள் திரும்பவும் தொடங்கி, சூம் மறக்கப்பட்டு, ஆண்டுகள் போனபின்னும் வாதம் மட்டும் அப்படியே நிற்கிறது. இன்றைக்கும் ரப் வாங்கும் ஒவ்வொரு வீடும் "பிள்ளையின்ரை படிப்புக்கு" என்றே வாங்குகிறது.

இனி அந்த ரப்பின் ஒரு நாளைப் பாருங்கள். காலை ஆறரைக்குப் பிள்ளை வெள்ளைச் சட்டையோடு பாடசாலைக்கு. தாய் ஆடைத் தொழிற்சாலை பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறார், அல்லது பிரதேச செயலகத்துக்கு, அல்லது வயலுக்கு. தகப்பன் லான்ட்மாஸ்ரரோடு. பாடசாலைக்கு ரப் கொண்டுபோக அனுமதியில்லை. ஆக, காலை ஏழு மணியிலிருந்து பின்னேரம் இரண்டு மணிவரை வீட்டில் இருப்பது ஒரு நாய், நாலு கோழி, ஒரு ரப், ஒரு அம்மம்மா. பிள்ளை வந்தபின் சாப்பாடு, அதன்பின் ரியூசன். ரியூசன் முடிந்து வந்தால் ரப்பில் சார்ஜ் பத்து வீதம்.

மிச்சச் சார்ஜ் போன இடங்கள் இவை: யூடியூபில் கோயில் திருவிழா நேரலை, வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கல், ஆவணியில் நல்லூர், மற்ற மாதங்களில் முடிவே இல்லாத தொடர்நாடகங்கள், கனடாவில் இருக்கும் மகளோடு வீடியோ அழைப்பு. படிப்பு இந்தப் பட்டியலில் ஒரு மூலையில் இருக்கிறது. இல்லை என்று சொல்வது பிள்ளைக்குச் செய்யும் அநியாயம். ஆனால் கணித பாடத்தில் சொல்வதுபோல, எந்தக் கணியம் மாறும்போது மற்றவை எல்லாம் மாறுகின்றனவோ அதுவே சாராமாறி. வீட்டில் அம்மம்மா இருக்கிறாவா, அவவின் கண் எப்படி, காது எப்படி, கை எப்படி என்பவற்றை ஒட்டியே ரப்பின் பருமன், நிறை, சிம், ஒலி எல்லாம் தீர்மானமாகின்றன. பிள்ளையின் படிப்பு சார்ந்த மாறி.

திரையும் நிறையும்

படிப்பையும் ஒதுக்கிவிட முடியாது என்பதால் முதலில் அதை அளந்துவிடுவோம். கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளத்தில் அரச பாடநூல்கள் முழுவதும் இலவசமாகக் கிடக்கின்றன. ஈ-தக்சலாவவிலும் பாடங்கள் உண்டு. கடந்தகால வினாத்தாள்களைப் படியெடுத்து எல்லாக் குழுவிலும் போட்டிருக்கிறார்கள். இவற்றுள் வினாத்தாள் ஏ4 தாளில் அமைந்தது. ஏ4 தாளின் அகலம் 21 சென்ரிமீற்றர்.

8.7 அங்குல ரப்பை (கலக்சி ரப் ஏ9 இந்தப் பருமன்) நெட்டாகப் பிடித்தால் திரையின் அகலம் 11 சென்ரிமீற்றரைச் சற்றுத் தாண்டும். வினாத்தாள் பாதியளவாகச் சுருங்கும். 12 புள்ளி எழுத்து ஆறரைப் புள்ளியாகத் தெரியும். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் காகிதத்தை வாசிக்கப் பழகியவர்களுக்கு இது போதும். 11 அங்குலத்தில் (ரெட்மி பாட் எஸ்.ஈ., கலக்சி ரப் ஏ9 பிளஸ்) நெட்டாகப் பிடித்தால் ஏறத்தாழ 15 சென்ரிமீற்றர் அகலம், எழுத்து எட்டரைப் புள்ளி. அதையே குறுக்காகத் திருப்பினால் 23 சென்ரிமீற்றருக்கு மேல் வரும். தாள் அதன் உண்மை அளவிலும் பெரிதாகத் தெரியும், மேலும் கீழும் தள்ளித் தள்ளி வாசிக்க வேண்டும், அவ்வளவுதான். சிறிய ரப்பைக் குறுக்காகத் திருப்பினாலும் 19 சென்ரிமீற்றர் கிடைக்கும். அதாவது, சிறிய ரப் வைத்திருக்கும் பிள்ளைக்குத் தேவை பெரிய ரப் அல்ல, அதைத் திருப்பிப் பிடி என்று சொல்ல ஓர் ஆள். இந்த ஒரு வசனத்தால் ஒரு குடும்பத்துக்குப் பல ஆயிரம் ரூபா மிச்சம்.

படிப்பின் பக்கத்தில் 11 அங்குலம் வெல்கிறது என்றால், சாராமாறியின் பக்கத்தில் நிலைமை வேறு. 8.7 அங்குல ரப் ஏ9இன் நிறை 332 கிராம். 11 அங்குலத்தவை 480 கிராம் அளவில். ஓர் இறாத்தல் பாணின் நியம நிறை 450 கிராம். பாயில் மல்லாந்து கிடந்து, ஒரு முழுப் பாணை முகத்துக்கு நேரே இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தபடி ஒரு தொடர்நாடகம் முழுதும் பார்ப்பதை எண்ணிப் பாருங்கள். வில்லி விஷம் கலக்கும் கட்டத்தில் கண் அயரும். பாண் மூக்கில் விழும். மூக்குக்கண்ணாடி வளைந்த சம்பவங்களின் பின்னணியில் எல்லாம் 11 அங்குலமே இருக்கிறது. ஆகவே பெரிய ரப் வாங்குவோர் பின்னால் மடித்து நிறுத்தும் கவரையும் கூடவே வாங்க வேண்டும். அது அலங்காரம் அல்ல, பாதுகாப்புச் சாதனம்.

வீடியோ அழைப்புக்கு முன் கமரா நீளப் பக்கத்தில் இருக்கிறதா, குறுகிய பக்கத்தில் இருக்கிறதா என்று கடையிலேயே பார்க்க வேண்டும். எத்தனை மெகாபிக்சல் என்பது பொருட்டல்ல. குறுகிய பக்கத்தில் கமரா உள்ள ரப்பைக் குறுக்காக நிறுத்தினால், பேசுகிறவர் எங்கோ பக்கத்துச் சுவரைப் பார்ப்பதுபோலத் தெரியும். கையில் தாழப் பிடித்தால் நெற்றி மட்டும் தெரியும். ரொறன்ரோவில் ஒரு மகள் தன் தாயைத் திருநீற்றுக் குறியை வைத்தே பல மாதமாக அடையாளம் கண்டுவருகிறாள் என்றால் அதில் வியப்பில்லை.

பன்னிரண்டு றாம்

கிளிநொச்சி டிப்போச் சந்திக்குக் கிட்ட ஒரு கடை. கண்ணாடி அலுமாரிக்குள் ரப் வரிசை. கடைத் தம்பி ஒன்றை எடுத்து, திரையில் ஒட்டியிருந்த பிளாஸ்ரிக் தாளை உரிக்காமலே மேசையில் வைத்தான். பெட்டியில் பெரிய எழுத்தில் 12 ஜிபி றாம், 512 ஜிபி, பத்துக் கோர் என்று இருந்தது. பேர் மட்டும் எங்கும் கேள்விப்படாத பேர்.

"அக்கா, இதைக் கண்ணை மூடிக்கொண்டு கொண்டுபோங்கோ. பன்ரண்டு றாம்."

தாய் விலையைக் கேட்டா. சொன்னான். பக்கத்தில் இருந்த நாலு றாம் ரப்பின் பாதி விலை.

"பன்ரண்டு பாதி விலை, நாலு முழு விலையோ?"

"இது ஓஃபர் அக்கா."

கூட வந்த அம்மம்மா ரப்பைக் கையில் எடுத்துப் பின்பக்கத்தைத் தட்டிப் பார்த்தா. தேங்காய் தெரிந்த கை. "மோனை, கண்ணை மூடிக்கொண்டு கொண்டுபோனா என்னெண்டு அதிலை படம் பாக்கிறது?" என்று கேட்டா. கடைத் தம்பி சிரித்துக்கொண்டே அடுத்த ரப்பை எடுத்தான்.

அம்மம்மாவின் ஐயம் முறைசார்ந்தது. மலிவு ரப் பெட்டிகளில் எழுதப்படும் றாம் இரண்டு வகை. ஒன்று உள்ளே இருக்கும் உண்மையான றாம். மற்றது ஸ்ரோறேஜில் ஒரு மூலையைக் கடன் வாங்கி றாம் என்று பேர் சூட்டியது. நாலும் எட்டும் பன்னிரண்டு என்று கூட்டி எழுதுவார்கள். கூட்டல் சரிதான். ஆனால் அந்த எட்டு வேகத்தில் நாலின் அருகிலும் வராது. இதற்கும் கீழே ஒரு படி உண்டு. 2 ஜிபி றாமும் பழைய அன்ட்ரொயிட்டும் உள்ள ரப்பின் மென்பொருளையே திருத்தி, செற்றிங்குக்குள் போய்ப் பார்த்தாலும் 12 என்றும் புதிய பதிப்பு என்றும் காட்டும்படி செய்துவிடுவார்கள். செற்றிங்கைத் திறந்து பார்த்துவிட்டேன், சரியாக இருக்கிறது என்று சொல்லும் படித்த மருமகன்மார் விழும் குழி இதுதான்.

இதற்குப் பரிசோதனை சுலபம். பிளே ஸ்ரோரைத் திறந்து, அதன் செற்றிங்கின் அடியில் உள்ள அறிமுகப் பகுதிக்குப் போனால், இந்தச் சாதனம் கூகுளின் சான்று பெற்றதா இல்லையா என்று எழுதியிருக்கும். சான்று இல்லை என்றால் ரப்பை மெதுவாக மேசையில் வைத்துவிட்டு, தேத்தண்ணி குடிக்கப் போவதாகச் சொல்லி வெளியேறலாம். பேர் தெரிந்த நிறுவனத்தின் உண்மையான 4 ஜிபி றாம், 64 ஜிபி ஸ்ரோறேஜ் என்பதை இக்கட்டுரை அடிமட்டமாக வைக்கிறது. 32 ஜிபி ரப்பில் அன்ட்ரொயிட்டே பெரும் பங்கைப் பிடித்துவிடும். மிச்சத்தை வட்ஸ்அப்பில் வரும் காலை வணக்கப் பூக்கள் ஒரு மாதத்தில் நிரப்பிவிடும். மெமறிக் காட் போட வழி இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். பூக்களை அழிக்க எந்த அம்மம்மாவும் சம்மதித்ததில்லை.

சிம் வேண்டுமா என்னும் மகா வினா

ஒரே ரப் இரண்டு வடிவில் வரும். வைபை மட்டும் உள்ளது மலிவு, சிம் போடக்கூடியது விலை கூட. கொழும்பிலிருந்து ஆலோசனை சொல்கிறவர்கள் "வைபை போதும், போனிலிருந்து ஹொட்ஸ்பொட் போடலாம்" என்பார்கள். வீட்டில் பைபர் இணைப்பு இருந்தால் அவர்கள் சொல்வது சரி. மல்லாவியிலோ, விசுவமடுவிலோ, ஒட்டுசுட்டானிலோ பெரும்பாலான வீடுகளுக்கு இணையம் என்றால் அது தாயின் போனுக்குள் இருப்பதுதான். தாய் காலையில் வேலைக்குப் போகும்போது அந்த வீட்டின் இணையமும் கைப்பைக்குள் ஏறி பஸ்ஸில் போய்விடுகிறது. அம்மம்மாவுக்கு மிஞ்சுவது ஒரு கண்ணாடித் தட்டு. ஆகவே பகலில் வீட்டில் ஆள் இருக்கும் குடும்பம் சிம் ரப்பையே வாங்க வேண்டும். எல்லாரும் பகலில் வெளியே போகும் குடும்பம் வைபை ரப்போடு நிற்கலாம். இந்த ஆய்வின் தலையாய முடிவு இதுதான். மற்றதெல்லாம் பக்கம் நிரப்பல் என்று யாராவது சொன்னால் ஆய்வாளர் கோபிக்கமாட்டார்.

சிம் இல்லாத ரப்பில் வட்ஸ்அப்பைத் தாயின் போனோடு இணைத்துப் பாவிக்க 2023இலிருந்து வசதி உண்டு. அதைச் செய்யும் முன் தாய்மார் ஒருகணம் யோசிக்க வேண்டும். இணைத்தபின் போனுக்கு வரும் செய்திகளெல்லாம் ரப்புக்கும் வரும். மாமியைப் பற்றி அக்காவுக்கு அனுப்பிய குரல் பதிவு மாமியின் மடியிலேயே ஒலிக்கும்.

சிம் ரப் வாங்குகிறவர்கள் இன்னொரு கதவையும் தட்ட வேண்டும். தொலைத்தொடர்புகள் ஒழுங்குறுத்தல் ஆணைக்குழு 2025 தொடக்கத்திலிருந்து, பதிவில்லாத புதிய சாதனங்களை வலையமைப்பில் சேர விடுவதில்லை என்று அறிவித்தது. பெட்டியில் உள்ள 15 இலக்க ஐ.எம்.ஈ.ஐ. எண்ணை எடுத்து, முன்னால் ஐ.எம்.ஈ.ஐ. என்ற நாலெழுத்தை ஆங்கிலத்தில் அடித்து, ஓர் இடைவெளி விட்டு 1909க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பினால் பதில் வரும். காசு கொடுக்க முன்னம் அனுப்ப வேண்டும். காசு கொடுத்தபின் அனுப்பினாலும் அதே பதில்தான் வரும், அதை வைத்து ஒன்றும் செய்ய இயலாது. வைபை மட்டும் உள்ள ரப்புக்கு இந்த எண்ணே கிடையாது. அந்தத் தொல்லையும் கிடையாது.

சிம் போட்டாலும் சிக்னல் வர வேண்டும். 2021இல் ஊவா மாகாணத்தின் போஹிட்டியாவ கிராமத்துப் பிள்ளைகள் சிக்னலுக்காகக் காட்டுவழியே மலையேறியதும் மரத்தில் ஏறியதும் உலகச் செய்தியானது. வன்னியின் பெரும்பாலான ஊர்களில் ஏறுவதற்கு மலை இல்லை. உள்ள ஒரே உயரம் குளக்கட்டு. இரணைமடுக் கட்டை 1902இல் தொடங்கி 1920இல் முடித்த பொறியியலாளர்கள் வயலுக்குத் தண்ணீர் கொடுக்கவே அதைக் கட்டினார்கள். பின்னாளில் அங்கே பொடியள் சைக்கிளை நிறுத்திவிட்டுப் பாட்டு இறக்குவார்கள் என்று அவர்களின் வரைபடத்தில் இருந்திருக்க நியாயமில்லை. வாங்க முதல் செய்ய வேண்டியது இவ்வளவே: எந்த நிறுவனத்தின் சிம் உங்கள் வீட்டின் எந்த மூலையில் பிடிக்கிறது என்று ஒரு பழைய போனோடு நடந்து பாருங்கள். பிடிக்கும் மூலை மாட்டுக்கொட்டிலாக இருந்தால், கதிரையை அங்கே கொண்டுபோக அம்மம்மா சம்மதிப்பாவா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

மின்சாரம், மின்னல், குரங்கு

2022 மார்ச் கடைசியில் நாட்டில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. 2025 பெப்ரவரி 9, ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாடு முழுவதும் மின்சாரம் போனது. பாணந்துறை உப மின்நிலையத்துக்குள் ஒரு குரங்கு புகுந்ததே காரணம் என்று அமைச்சரே சொன்னார். பாணந்துறையில் ஒரு குரங்காலேயே இந்தக் கதி என்றால், கூரை ஓட்டை நாளுக்கு இருமுறை கிளறிப் பார்க்கும் எங்கள் பக்கத்துக் குரங்குக் கூட்டங்களின் ஆற்றல் இன்னும் முழுமையாக வெளிப்படவில்லை என்றே கொள்ள வேண்டும். எனவே பற்றரி பெரிதாக இருப்பது நல்லது. ஆனால் பெரிய பற்றரியைச் சின்னச் சார்ஜர் நிரப்ப நேரமெடுக்கும். 8000 பற்றரிக்கு 10 வாட் சார்ஜர் என்றால் மூன்று மணித்தியாலத்துக்குக் குறையாது. சிறிய ரப்பின் 5100 பற்றரி சீக்கிரம் நிறையும், சீக்கிரம் முடியும். இரவில் போட்டுவிட்டுப் படுக்கலாம் என்பவர்கள் ஐப்பசி, கார்த்திகை மாத இடிமின்னலை மறந்து பேசுகிறார்கள். மழை இருட்டினால் முதலில் பிளக்கைக் கழற்றுவது அம்மம்மாதான். இந்த ஒரு பாதுகாப்பு வசதியை எந்தக் கம்பனியும் பெட்டியில் எழுதுவதில்லை.

வெளிநாட்டுப் பள்ளியும் உள்நாட்டுப் பள்ளியும்

ரப் தெரிவில் இரண்டு சிந்தனைப் பள்ளிகள் உண்டு. மாமா வரும்வரை பொறுப்போம் என்பது முதலாவது. சீட்டு விழட்டும், இங்கேயே வாங்குவோம் என்பது இரண்டாவது.

முதலாவது பள்ளியின் பலம் இலவசம். பலவீனம், மாமா எதைக் கொண்டுவருவார் என்பது விமான நிலையம் வரை இரகசியம். கனடாவிலும் லண்டனிலும் கழிவு விலையில் கிடைக்கும் அமேசன் பயர் ரப் அன்ட்ரொயிட்டின் வழிவந்ததுதான், ஆனால் அதில் பிளே ஸ்ரோர் கிடையாது. பார்வைக்கு அழகான ரப். பிள்ளை சூமைத் தேடும், அம்மம்மா நேரலையைத் தேடுவா, இருவருக்கும் புத்தகக் கடை விளம்பரம் வரும். மாமாவிடம் சொன்னால் மனம் நோவார் என்பதால் அது உடுப்பு அலுமாரிக்குள் போகும். லண்டன் சார்ஜரின் சதுரப் பின் எங்கள் புதிய சொக்கற்றுக்கு நேரே பொருந்தும். சுவிஸ் சார்ஜரின் உருண்டைப் பின்னுக்கு அடப்ரர் தேடி அலைய வேண்டும். புலம்பெயர் அரசியலில் இந்த வேறுபாட்டுக்கு இதுவரை உரிய இடம் கிடைக்கவில்லை.

இரண்டாவது பள்ளியாருக்கு எல்லாம் நெல்லில்தான் கணக்கு. 2025 பெப்ரவரியில் அரசு நிர்ணயித்த நாட்டு நெல்லின் விலை கிலோ 120 ரூபா. அறுபதாயிரம் ரூபா ரப் என்றால் 500 கிலோ நெல். காலபோக அறுவடைக் காசு மாசியில் கையில் புரளும்போது இந்த எண் சின்னதாகத் தெரியும். சிறுபோகத்துக்குப் பசளை வாங்கப் போகும்போது பெரிதாகத் தெரியும். இடைப்பட்ட அந்தச் சில கிழமைகளே ரப் வாங்கும் பருவம். காப்பை அடகு வைத்து வாங்குகிறவர்களும் உண்டு, அது வீட்டுக்குள் தீரும் கணக்கு. கிழமைக் கடன் எடுத்து மட்டும் ரப் வாங்க வேண்டாம். நுண்கடன் இந்தப் பக்கத்துப் பெண்களை என்ன பாடு படுத்தியது என்று ஊருக்குத் தெரியும். அந்த இடத்தில் இக்கட்டுரை பகிடியை ஒதுக்கி வைக்கிறது.

எதை வாங்கினாலும், அதன் கண்ணாடி உடைந்தால் மாற்றக் கண்ணாடி எங்கே கிடைக்கும் என்பதை முதலே கேட்க வேண்டும். போன் கண்ணாடிகள் கிளிநொச்சியிலேயே கொத்தாகத் தொங்கும். ரப் கண்ணாடி என்றால் வவுனியா பசார் வீதி, அங்கேயும் இல்லையென்றால் கொழும்பிலிருந்து பஸ்ஸில் பார்சல். ஆட்கள் பரவலாக வைத்திருக்கும் மொடலை வாங்குவது இதனால்தான் புத்தி. தனித்துவம் வேண்டுமென்றால் சேலையில் காட்டலாம். கிறவல் வீதித் தூசி சார்ஜ் ஓட்டைக்குள் இறுகி, "சார்ஜ் ஏறுதில்லை" என்று கொண்டுபோகும் ரப்புகளுக்குக் கடைக்காரர் ஊசியால் கிளறிச் சுகப்படுத்துவார். வீட்டில் அதே வேலையைச் சட்டைப் பின்னைக் கொண்டு செய்ய முனையும் தகப்பன்மாரைத் தடுப்பது குடும்பத்தின் கூட்டுப் பொறுப்பு.

வொறன்ரி பற்றி ஒரு குறிப்பு. கடைகள் தரும் பில் பெரும்பாலும் சூட்டில் எழுத்து விழும் தாளில் அச்சாவது. வன்னி வெயிலில், அலுமாரிக்குள் காணிப் பேமிற்றுக்கும் பிறப்புச் சான்றிதழுக்கும் நடுவில் மிகப் பத்திரமாக வைத்தாலும், ஒரு வருட வொறன்ரி முடிய முதல் பில் வெற்றுத் தாளாகிவிடும். கடைக்காரர் அந்த வெள்ளைத் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து அனுதாபத்தோடு திருப்பித் தருவார். இதை உணர்ந்த குடும்பங்கள் வாங்கிய அன்றே பில்லைப் படமெடுத்து வைக்கின்றன. பாராட்டத்தக்க வழக்கம். ஆனால் படத்தைப் புது ரப்பிலேயே எடுத்து, புது ரப்பிலேயே சேமிக்கிறார்கள். ரப் செத்த அன்று பில்லும் உள்ளே இருக்கிறது. ஆகவே படத்தைக் கனடா மகளுக்கு வட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். காலை வணக்கப் பூக்களுக்கு நடுவில் தேடி எடுக்க அவளுக்கு ஒரு பின்னேரம் பிடிக்கும். எடுத்துத் தருவாள்.